மிஸ் பாக்தாஸாக ஒரு காலை

சாம்பல் புதனுக்கு மறுநாள் காலையில் ஜாய்ஸ் பெரியம்மா கிளீவ்லாந்தை விட்டுக் கிளம்பினாள். கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவள் பின் இருக்கையில் பெட்டிகளையும் தையல் மெஷினையும் ஏற்றிவிட்டு, வீட்டுச் சாவியை என் கோட்டுப் பையில் போட்டாள். முந்தின நாள்கூட அவள் நெற்றியில் சாம்பல் இட்டுக்கொள்ளவில்லை. அந்த வருஷம் பூசைக்கே போகவில்லை.

“யாராவது கேட்டா என்ன சொல்லட்டும்?” என்றேன்.

“யாரும் கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும்.”

ஈரி நகரத்தில் இருக்கிற மகள் டெனீஸ் வீட்டுக்குப் போகிறாள். தூரம் ஒன்றும் அதிகமில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் இந்தத் தெருவில் பிறந்து, இதே தெருவில் கல்யாணம் கட்டி, இந்த ஊரிலேயே கணவனைப் புதைத்தவள் அவள். நான் எத்தனையோ ஊர்களை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். எந்த ஊரையும் அப்படித் தலைகுனிந்து விட்டதில்லை.

மறுநாள் தவக்காலத்தின் முதல் வெள்ளி. செயிண்ட் லட்மிலா கோயிலின் கீழ் மண்டபத்தில், இறைச்சி தொடாத நாள் என்பதால், மீன் வறுவல். எங்கள் பங்கில், இந்தக் கோயிலைச் சேர்ந்த ஜனங்களுக்கு, அது ஈஸ்டரைவிடப் பெரிய விசேஷம். கோயிலுக்கு வராதவர்கள்கூட வருவார்கள். வேறு சபைக்காரர்கள், போலீஸ்காரர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் தட்டேந்தி நிற்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அங்கே தட்டு நிரப்புகிறவள் பெரியம்மா. “உனக்கு மட்டும் ஒரு துண்டு கூடுதலா, கண்ணு” என்று எல்லாரிடமும் ரகசியம் போலச் சொல்வாள். அந்த இடத்தில் நிற்க முடியாது என்றுதான் அதற்கு முந்தின நாளே போனாள்.

அவள் பங்குப் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை பார்த்தவள். பள்ளியை மூடினார்கள். ஃபிராங்க் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். அதற்குள் தெருவில் பாதி வீடுகள் காலி. வங்கி எடுத்த வீடுகள், வாரிசுகள் கைகழுவிய வீடுகள். அவற்றைக் கலிபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் இருந்தவர்கள் போனில் படம் பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்காகக் கதவைத் திறந்து, நிலவறைக்குள் இறங்கி, என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. முதலில் தெரிந்தவர் ஒருவருக்காகப் போனாள். பிறகு அதுவே தொழிலாகிவிட்டது.

டார்ச்சை ஈரச் சுவரில் அடித்துக்கொண்டு போனில் பேசுவாள். “இங்க பாருங்க, சுவரு வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கான். வாங்காதீங்க.”

விற்கிற ஏஜெண்டுகளுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஒருவன் என் முன்னாலேயே, “ஜாய்ஸ், உன் வாய்க்கு வருஷம் பூரா லீவு கொடுத்தா என்ன?” என்று கேட்டான்.

“கொடுக்கலாம். நீ உன் பெயின்ட் டப்பாவுக்கு லீவு கொடு” என்றாள்.

ஒரு தடவை அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “நான் பொய் சொன்னா அந்த ஊர்ல உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனாலதான் சொல்ல முடியாது.”

அவளிடம் விற்பதற்கு இருந்ததே அவள் வார்த்தை ஒன்றுதான்.

அவள் கிளம்புவதற்கு முந்தின இலையுதிர் காலத்தில்தான் நான் ஊர் திரும்பியிருந்தேன். கப்பல் சமையலறை, மலையடி விடுதி, திராட்சைத் தோட்டம் என்று வருஷக்கணக்கில் சுற்றிவிட்டு வந்தவளுக்கு ஒரு இடத்தில் உட்கார வரவில்லை. பெரியம்மா மாடியறையைக் கொடுத்தாள். வேலையும் கொடுத்தாள்: போனைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடப்பது.

வாடிக்கையாளர்களில் அவளுக்குப் பிரியமானவள் இமெல்டா பாக்தாஸ். பிலிப்பைன்ஸில் பிறந்து, கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் ஆஸ்பத்திரியில் செவிலியாக இருப்பவள். எங்கள் பின்தெருவில் ஒரு வீட்டைப் பெரியம்மா ‘நல்ல எலும்பு’, அதாவது கட்டுமானம் உறுதி, என்று சொன்னதற்காகவே வாங்கினாள். நேரில் பார்த்ததில்லை. வேலை முடிந்து காரில் ஏறியதும் கூப்பிடுவாள். பெரியம்மாவை ‘ஆத்தே’ என்பாள். அவர்கள் பேச்சில் அக்கா.

“ஆத்தே ஜாய்ஸ், என் வீடு என்ன பண்ணுது?”

“பனியில குளிச்சிட்டுத் தலை துவட்டாம நிக்குது.”

“சளி பிடிக்கப் போகுது. உங்க முட்டி எப்படி இருக்கு?”

“முட்டி இருக்கு. நான்தான் இல்லை.”

இப்படி முட்டியில் ஆரம்பித்து மகள்கள் வரைக்கும் போகும்.

அந்த வீட்டில் எலும்பு நல்லது, நரம்பு கெட்டது. சுவருக்குள் பீங்கான் குமிழ்களில் சுற்றிய பழங்காலத்து வயர்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். வாடகைக்கு விடப்போகிற வீடு என்றால், நகரத்தில் பதிவு செய்த, லைசென்ஸ் உள்ள காண்டிராக்டர்தான் பர்மிட் எடுத்துச் செய்ய வேண்டும். பெரியம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

“வீட்டுக்காரங்க எந்த ஊர்?”

“கலிபோர்னியா.”

“அப்படியா. மார்ச் மாசம் பாக்கலாம்மா.”

கலிபோர்னியா என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் மார்ச் மாதம் வந்துவிடும். வெளியூர் வீட்டுக்காரர்கள் கூலி தராமல் முன்னால் சிலர் ஏமாந்திருந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் குளிர்காலத்தில் காலி வீடு மார்ச் வரை தாங்காது. அடுத்த வாசலில் காலியாய்க் கிடந்த வீட்டில் திருடர்கள் செம்புக் குழாய்களை எல்லாம் அறுத்துக்கொண்டு போய், நிலவறை முழுக்கத் தண்ணீர் உறைந்து கிடந்தது.

அப்போதுதான் ரே மாமா பேச்சில் வந்தார். ஃபிராங்க் பெரியப்பாவின் தம்பி. இரும்பாலையில் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பங்கில் பாதி வீடுகளின் வயரிங் அவர் கைவேலை. சனிக்கிழமை வந்து மாட்டிவிட்டு, பீரும் பியரோகி கொழுக்கட்டையும் சாப்பிட்டுவிட்டுப் போவார். பர்மிட் என்பது டவுன்டவுன் நகராட்சிக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விளையாட்டு என்றுதான் இந்தத் தெருவில் எல்லாரும் வளர்ந்தோம்.

“லைசென்ஸ் இல்லைன்னா கரண்டுக்குத் தெரிஞ்சிடுமா?” என்றார் ரே மாமா. “பேர் கேட்டுட்டா பாயுது?”

ஒரு வழி இருந்தது. வீட்டுக்காரர் அந்த வீட்டிலேயே குடியிருந்தால், காண்டிராக்டர் இல்லாமல் தானே வேலை செய்ய பர்மிட் தருவார்கள். தெருவில் எல்லாரும் எப்போதாவது பர்மிட் எடுத்தார்கள் என்றால் அந்த வழியில்தான். பெரியம்மா இமெல்டாவைக் கூப்பிட்டாள்.

“கம்ப்யூட்டர்ல மனு வரும். ‘நான் இந்த வீட்டில் வசிக்கிறேன்’னு ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் பண்ணிடு.”

“ஆத்தே, நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லையே.”

“ஒருநாள் வந்து இருப்பதானே?”

“ரிட்டயர் ஆனா... இருக்கலாம்.”

“அப்புறம் என்ன? இங்க எல்லாரும் செய்றதுதான்.”

“நீங்க சொன்னா சரி” என்றாள் இமெல்டா.

பெரியம்மா அதைப் பொய் என்றே எண்ணவில்லை. அந்த வீட்டை மனசில் பங்கு வீடாக்கி, இமெல்டாவைப் பங்குப் பெண்ணாக்கி வைத்திருந்தாள். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

ரே மாமா வேலையை முடித்தார். சுவர்களைப் பூசியாயிற்று. பிறகுதான் தெரிந்தது, நகராட்சிப் பரிசோதனை நாளில் வீட்டுக்காரர் வீட்டில் இருக்க வேண்டும் என்று. இமெல்டாவுக்கு லீவு இல்லை. பெரியம்மா ஒரு ராத்திரி யோசித்தாள். காலையில், “வா, சாமான் தூக்கு” என்றாள்.

அவள் வீட்டுத் திரைச்சீலைகள், காபி மெஷின், ஒரு சாய்வு நாற்காலி, குளியலறைத் துண்டுகள், வாசலில் போட ஒரு ஜோடி செருப்பு எல்லாம் பின்தெருவுக்குப் போயின. நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பனியில் நடந்த ரே மாமா, “பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு நடுக் குளிர்ல கிரகப்பிரவேசம்” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆள் வாழ்கிற வாசனை வேண்டுமென்று பெரியம்மா கொலாச்சி ரொட்டிகளை அடுப்பில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது அவள் அடுப்புக்குள் குனிந்திருந்தாள். நான் கதவைத் திறந்தேன்.

“மிஸ் பாக்தாஸ்?” என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

“ஆமா, உள்ள வாங்க” என்று சொல்லிக்கொண்டே தட்டோடு திரும்பினாள்.

திரும்பியவளுடைய முகம் அப்படியே நின்றுவிட்டது. வந்தவர் லாமர் டில்மன். தவக்காலத்து வெள்ளிகளில் மனைவியையும் வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வருகிறவர். அந்த அம்மாவுக்கு மொறுமொறுப்பான ஓரத்துண்டாகப் பொறுக்கி வைப்பாள் பெரியம்மா. அவள் ஏப்ரனில் ஜாய்ஸ் என்று பெரிதாகப் பெயர் குத்தியிருக்கும். அவர் நகராட்சியில் வேலை என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்டதில்லை.

அவர் கால்மிதியில் பூட்ஸைத் துடைத்தார்.

“வாசனை நல்லா இருக்கு, மிஸ் பாக்தாஸ்.”

பெரியம்மா தட்டைக் கீழே வைத்தாள். நாற்காலியில் இருந்த ரே மாமாவைக் காட்டி, “இவர் என் கொழுந்தன்” என்றாள். அதுவரைக்கும் அது ஒன்றுதான் உண்மை.

டில்மன் நிதானமாக வேலை பார்த்தார். நிலவறைக்குப் போனார், மாடிக்குப் போனார், ஒவ்வொரு பிளக்கிலும் கருவியைச் செருகிப் பார்த்தார். பிரேக்கர் பெட்டியைத் திறந்து வெகுநேரம் நின்றார்.

“வயரிங் யார் பண்ணது?”

“நான்தான்” என்றாள் பெரியம்மா.

“நீங்களே?”

“ம்.”

“சுத்தமா பண்ணியிருக்கீங்க.”

ரே மாமாவின் மீசை தானாக விரிந்தது. அடக்கத் தெரியவில்லை மனுஷருக்கு.

டில்மன் பெட்டியை மூடினார். “நான் வண்டி வரைக்கும் போயிட்டு வரேன். டார்ச்சுல பேட்டரி தீர்ந்துபோச்சு” என்றார். டார்ச் அவர் கையில் எரிந்துகொண்டிருந்தது. “வந்து மணி அடிக்கிறேன். அப்ப யார் கதவைத் திறக்கிறாங்களோ, அவங்க பேரை எழுதிக்கிறேன்.”

கதவு சாத்தியதும் ரே மாமா எழுந்தார். “அவனுக்கு அடையாளம் தெரியல. நீ பேசாம இரு.”

“தெரியும் மாமா. அதுக்குத்தான் வெளியில போயிருக்கார்” என்றேன்.

பெரியம்மா ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பை மறுபடி துடைத்தாள். திரைச்சீலை இடுக்கில் பார்த்தேன். அவர் வண்டிக் கதவைத் திறக்கவே இல்லை. கோட்டுப் பைகளில் கைவிட்டுக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி, பனியில் நின்றிருந்தார். நேரம் கொடுத்துக்கொண்டு நின்றார்.

மணி அடித்தது. பெரியம்மா துணியை மடித்து வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

“நான் இமெல்டா பாக்தாஸ். வாங்க.”

முழுப் பெயரையும் சொன்னாள். யாரும் கேட்கக்கூட இல்லை.

டில்மன் அவளைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உடை மாற்றுகிறவள் இருக்கும் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“சரிங்க. இதுல நான் கையெழுத்துப் போட முடியாது” என்று சொல்லிவிட்டு வாசலிலிருந்தே திரும்பிப் போனார்.

சாமான்களைத் திரும்பத் தூக்கி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, திரைச்சீலைகளை மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பெரியம்மா.

“முதல் தடவை வாய் முந்திக்கிச்சு. ரெண்டாவது தடவை அவர் எனக்கு யோசிக்க நேரம் கொடுத்தார். நானும் யோசிச்சேன்.”

“அப்புறம் ஏன் பெரியம்மா?”

“உண்மையைச் சொன்னா இமெல்டா மாட்டிக்குவாளேன்னு...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். “இல்ல. அதுவும் பொய். அந்த மனுஷன் முன்னாடி ஜாய்ஸா நின்னு ஒத்துக்க முடியல. இமெல்டாவா நின்னு தப்பிச்சிடலாம்னு தோணுச்சு.”

அன்று இமெல்டா வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

“ஆத்தே! பாஸா?”

பெரியம்மா எதையும் மறைக்கவில்லை. கொலாச்சி வரைக்கும் சொன்னாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“என் பேரைச் சொன்னீங்களா?” என்றாள் இமெல்டா. “என் பேர்ல நின்னு, ஒரு அதிகாரிகிட்ட?”

“சொன்னேன்.”

“ரெண்டு தடவை?”

“ரெண்டு தடவை.”

காருக்குள் இண்டிகேட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கேயோ நிறுத்தியிருக்கிறாள் போல.

“மிஸஸ் ஹ்ரூபி, எனக்கும் ஒரு லைசென்ஸ் இருக்கு, நர்ஸ் லைசென்ஸ்” என்றாள், பெரியம்மாவை ஆத்தே என்று கூப்பிடாமல். “அதுக்காக நான் வீட்டை விட்டு வந்தேன். என் மக என் தங்கச்சியை அம்மான்னு கூப்பிட்டு வளர்ந்தா. அந்தப் பரீட்சையில ஒருமுறை தோத்து மறுபடி எழுதினேன். அதைப் புதுப்பிக்கிறப்போ ஒவ்வொரு தடவையும் கேள்வி வருது, அரசாங்கத்துகிட்ட ஏதாவது பிரச்சினையில மாட்டினீங்களான்னு. அடுத்த தடவை எந்தக் கட்டத்துல டிக் பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க. போன தடவை நீங்கதானே சொன்னீங்க.”

பெரியம்மா வாயைத் திறந்தாள். போன் அணைந்தது.

வயர் மாட்ட எதற்கு லைசென்ஸ் என்று சிரித்த வீட்டில்தான் அந்தப் பேச்சைக் கேட்டோம். சுவரைத் திரும்ப உடைக்கலாம், பூசலாம். ஸ்டாக்டனில் ஒரு பெண் தன் வேலையை இழந்தால் அதை யார் பூசுவது?

மறுநாள் பெரியம்மா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நகராட்சிக்குப் போனாள். ரே மாமா வருகிறேன் என்றதற்கு, “நீ வந்தா இதையும் ஜோக்காக்கிடுவ” என்றாள். என்னை மட்டும் கூட்டிப்போனாள். கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்காமல், “என்ன விஷயமா வந்திருக்கீங்க?” என்றாள்.

“பொய் சொன்னேன். அதைச் சொல்ல வந்திருக்கேன்.”

“அதுக்குத் தனியா கவுண்டர் இல்லையேம்மா” என்றவள், அப்புறம் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மேலதிகாரி ஒருவர் வந்து கேட்டார். பெரியம்மா சொன்னாள்: கட்டத்தில் டிக் பண்ணச் சொன்னது நான், விதி தெரியாத வெளியூர்க்காரி அவள், என்னை நம்பினாள், அவளாக நடித்தது நான், அவளுக்கு அது தெரியாது. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். பர்மிட் ரத்து, லைசென்ஸ் உள்ளவர் சுவரைத் திறந்து திரும்பச் செய்ய வேண்டும் என்றார்கள். அந்தப் பெண்ணின் பெயருக்கு ஏதாவது வருமா என்று கேட்டாள் பெரியம்மா. அதை இப்போது சொல்ல முடியாது என்றார் அதிகாரி.

திரும்பும்போது நடைபாதையில் டில்மன் எதிரே வந்தார்.

“நான் ஜாய்ஸ் ஹ்ரூபி” என்றாள் பெரியம்மா.

“தெரியும்மா” என்றார். அவர் சுவரோரமாக ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார்.

இமெல்டா வீட்டைப் பார்த்துக்கொள்ள வேறொருவரை வைத்துக்கொண்டாள். பெரியம்மாவின் அழைப்புகளை எடுக்கவில்லை. எங்கள் பின் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வீட்டு வாசலில் குப்பைத் தொட்டி நிறைய உடைத்த பூச்சு கிடப்பது தெரியும். பெரியம்மா அந்த ஜன்னலின் திரையை இழுத்தே வைத்தாள்.

இத்தனையையும் தாங்கியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ரே மாமா மதுக்கடையில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை. தன் வயரிங்கை அதிகாரியே மெச்சினார் என்று சொல்வதற்காக ஆரம்பித்தது, நாற்காலி, கொலாச்சி, கொழுந்தன் என்று வளர்ந்து, கடை முழுக்கச் சிரித்திருக்கிறது.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள் போன்ச்கி பணியாரம் வாங்க பேக்கரி வாசலில் வரிசை நிற்கும். நாங்களும் நின்றோம். முன்னால் நின்ற டாலி க்ரெய்ச்சி திரும்பிப் பார்த்து, “அடடே, மிஸ் பாக்தாஸ்! கலிபோர்னியாவுல குளிரா?” என்றாள்.

வரிசையே சிரித்தது. டாலி பெரியம்மாவோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

“குளிர்தான்” என்றாள் பெரியம்மா. கடைசி வரை நின்று, ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றைக்கூடத் தொடவில்லை. பிறகு கட்டிலுக்கடியிலிருந்து பெட்டிகளை இழுக்கிற சத்தம் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை மீன் வறுவலில் தட்டு நிரப்பப் பெரியம்மா இடத்தில் என்னை நிற்கவைத்தார்கள். டில்மன் குடும்பத்தோடு வந்தார். அவர் அம்மா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “எனக்கு ஓரத்துண்டு போடுற அந்தம்மா எங்கே?” என்று கேட்டார். நான் டில்மனைப் பார்த்தேன்.

“வரிசை நகருதும்மா” என்று அவர் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

பெரியம்மா ஈரியில் ஒரு துணிக்கடையில் துணி வெட்டிக் கொடுக்கிறாள். ஒருமுறை போயிருந்தபோது, சாயம் போகுமா என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். நல்ல துணி, போகாது, எனக்கே தெரிந்தது. “எனக்குத் தெரியாதுங்க, அவங்களைக் கேளுங்க” என்று பக்கத்துப் பெண்ணைக் காட்டினாள். போனில் பேசும்போது வேறு எதுவும் கேட்பதில்லை. “ஸ்டாக்டன்ல இருந்து ஏதாவது?” என்பாள். இல்லை என்பேன். “சரி” என்று வைத்துவிடுவாள்.

இரண்டாவது வருஷம் கோடை முடிகிற சமயம், சலவைக் கடையில் துணி காய்வதற்காக உட்கார்ந்திருந்தபோது என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. எண் ஸ்டாக்டன் எண்.

“என் லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டை விற்றுவிட்டேன். மிஸஸ் ஹ்ரூபி இன்னும் அதை நினைத்துக்கொண்டிருந்தால் போதும் என்று சொல்லுங்கள். அவருக்கே எழுதலாமென்று பல நாள் உட்கார்ந்தேன். அந்தக் கட்டத்தில் டிக் செய்தது என் கைதான், பழியை மட்டும் முழுக்க அவர்மேல் போட்டேன். அதனால் எழுத முடியவில்லை. இமெல்டா பாக்தாஸ், பதிவு பெற்ற செவிலியர்.”